கேள்வி நேரம்: கதைக்குள் ஒரு சர்க்கஸ் கூடாரம்

கேள்வி: சர்க்கஸ் பின்னணியில் சிறுகதை எழுதுகிறேன். ட்ரபீஸ், ரிங், ஜோக்கர் என்று தேடித் தேடிச் சொற்களைச் சேர்த்தும் உயிர் வரவில்லையே?

பதில்: இவை டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவருக்கே தெரிந்த பெயர்கள். அங்கே வேலை செய்கிறவரின் கையும் பயமும் இவற்றில் இல்லை. உயரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவும் ட்ரபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவுகிறவர் ஃப்ளையர், முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிப் பிடிப்பவர் கேட்சர். விரலைப் பிடித்தால் வழுக்கும் என்பதால் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுவார். வியர்வைக்குக் கையில் மெக்னீசியம் கார்பனேட் பொடி. கேட்சர் 'ஹெப்' என்று குரல் கொடுத்ததும் ஃப்ளையர் பலகையை விட்டுக் கிளம்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் இரண்டு ஊஞ்சலும் சந்திக்காது. பிடி தவறினால் வலையில் முதுகு படும்படி விழ வேண்டும். காலை ஊன்றி விழுந்தால் கணுக்கால் போகும்.

இனி, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரை அங்கே ஏற்றுங்கள். அண்ணன் கேட்சர். அவர்களுக்குள் மிச்சமிருக்கும் ஒரே பேச்சு அந்த 'ஹெப்'. இதற்குமேல் அலங்காரம் எதற்கு?

பயிற்சி இதுதான்: பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதைக் கையாள்பவர் யார், அது பழுதானால் யாருக்கு அடிபடும் என்று ஒரு வரி எழுதுங்கள். வரி வராத சொல்லை அடித்துவிடுங்கள். மூன்று நான்குதான் மிஞ்சும். சிறுகதைக்கு அது தாராளம். 'வாழ்க்கையே ஒரு சர்க்கஸ்' என்ற வரி இருந்தால் அதையும் சேர்த்து அடியுங்கள்.

கேள்வி: உள்ளாட்கள் மட்டும் பேசும் குழூஉக்குறிகளுக்குக் கதையிலேயே விளக்கம் தரலாமா?

பதில்: வேண்டாம். முதல் முறை சொல் மட்டும் வரட்டும். இரண்டாம் முறை அதன் விளைவு வரட்டும். அமெரிக்கக் கூடாரங்களில் 'ஹே ரூப்' என்று ஒருவர் கத்தினால், வெளியாட்களோடு சண்டை, ஓடி வாருங்கள் என்று பொருள். முதல் சீசனுக்கு வந்த புது ஆளுக்கு 'மே முதல் தேதி' என்று பெயர். ஆபத்தென்றால் பேண்டு குழு ஒரு குறிப்பிட்ட அணிவகுப்பு இசையை வாசிக்கும். 1944-இல் ஹார்ட்ஃபோர்டில் கூடாரம் தீப்பற்றியபோதும் வாசித்தார்கள். கூட்டத்துக்கு அது பாட்டு, தொழிலாளிக்கு அபாய அறிவிப்பு. ஒரே ஒலியை இருவர் இருவிதமாகக் கேட்கும் அந்த இடத்தில் கதையைத் தொடங்கிப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கதையென்றால் முகாமில் மலையாளம் கேட்க வேண்டும். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் கேரளத்தின் தலச்சேரியில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து ஏராளமான கலைஞர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள்.

கேள்வி: சிங்கம், புலி வரலாமா?

பதில்: கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றுக்கு 1998-இல் மத்திய அரசு தடை அறிவித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குழந்தைகளை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும்படி 2011-இல் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம். 2015-இல் நடக்கும் கதையில் பத்து வயதுச் சிறுமி கயிற்றில் நடந்தால், அவளை அங்கே வைத்திருப்பவர் எதை மறைக்கிறார் என்பதையும் நீங்கள் எழுதியாக வேண்டும்.