தடைக்காலக் காசு

'மறைந்துபோன கல்லூரி நண்பர் யாராவது உங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரா?' என்பது கேள்வி. இருக்கிறான் ஒருவன். பெயர் வேண்டாம், அவன் அம்மா இப்போது போனில் எல்லாம் படிக்கிறார்.

2007-ல் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தோம். ஹாஸ்டலில் ஒரே அறை. அவன் பாம்பன்காரன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. அந்த ஆகஸ்டில்தான் பாம்பன் பாலத்தில் அகலப்பாதை போட்டு மறுபடி ரயில் விட்டிருந்தார்கள். "நான் காலேஜ் போறேன்னு தெரிஞ்சு விட்டாங்க மாப்ள" என்பான்.

முதல் செமஸ்டரிலேயே அவனுக்குக் கஞ்சன் என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தது நான்தான். டீக்கடைக்கு ஆறு பேர் போனால் தன் டீக்கு மட்டும் காசைக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பான். அவன் டிரங்குப் பெட்டிக்குள் மூடி நெளிந்த ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து வரும் காசு பத்தும் இருபதுமாக அதற்குள் போகும். மூடியின் உட்பக்கம் பேனாவால் 'ஏப்ரல் 15' என்று எழுதியிருந்தான். ஏதோ பெண்ணின் பிறந்தநாள் என்று நாங்கள் முடிவுகட்டி ரொம்ப நாள் ஓட்டினோம்.

அது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் தேதி. மீன்கள் சினைப்பிடித்து முட்டையிடும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போதெல்லாம் 45 நாள், மே 29 வரை. பங்குக்குப் போகிறவர் வீட்டில் அந்த 45 நாளும் வருமானம் சுத்தமாக நின்றுவிடும். எங்கள் மெஸ் பாக்கியைக் கட்டி ஹால் டிக்கெட் வாங்க வேண்டியதும் சரியாக அதே சமயத்தில்தான்.

என் அப்பா பஸ் கண்டக்டர். சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும். வரவு என்பது நின்றுபோகக்கூடிய ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் வருடம் அப்பா மெஸ்ஸுக்குக் கொடுத்த 3,200 ரூபாயைக் கொடைக்கானலில் தொலைத்துவிட்டு, ஹால் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான் வைத்த பெயருக்குச் சொந்தக்காரனிடமே போய் நின்றேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றினான். நோட்டுகளை விரித்து, எச்சில் தொட்டு, இரண்டு தடவை எண்ணினான்.

"1,600 தரேன். மீதிய உங்கப்பாட்ட கேளு."

"என்னன்னுடா கேக்குறது?"

"காசு இல்லன்னு கேளு. அதுல என்ன? எங்க ஊர்ல ஒண்ரை மாசம் எல்லாரும் எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிவாங்க."

அப்பாவிடம் கேட்டேன். திட்டினார், அனுப்பினார். அது பெரிய கதை இல்லை.

பரீட்சை முடிந்து அவனோடு பாம்பன் போனதுதான் எனக்குப் பெரிது. பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும், கீழே தண்ணீர் பச்சையாக இருக்கும். கரையில் படகுகள் ஏற்றப்பட்டு வயிறு தெரிய நின்றன. அவன் அப்பா யாரோ ஒருவர் படகில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார், தினக்கூலிக்கு. சாயங்காலம் அவன் அம்மாவோடு மளிகைக் கடைக்குப் போனோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கட்டிய பிறகு, "காசு இல்லண்ணே, கடலுக்குப் போகவும் தாரோம்" என்றார். குரல் கொஞ்சமும் தாழவில்லை. கடைக்காரரும் தலையைத் தூக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வளையலை அடகு வைப்பார்கள். எனக்கு அந்தக் கடை வாசலில் நிற்கவே ஒருமாதிரி இருந்தது.

வேலைக்குப் போன பிறகும் அவன் விடவில்லை. அவன் சென்னையில், நான் கோயம்புத்தூரில். ஏப்ரல் பிறந்தால் போன் வரும்: "தனியா எடுத்து வச்சியா?" 2017-ல் தடைக்காலத்தை 61 நாளாக, ஜூன் 14 வரை நீட்டியபோது, "நம்ம கணக்கும் ஏறுது மாப்ள, பதினாறு நாள் கூடப் போடு" என்றான். எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனாலும் போட்டேன். 2020 ஊரடங்கில் எங்கள் கம்பெனி சம்பளத்தைப் பாதியாக்கியபோது வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போயின. இப்போது யூடியூபில் இதையே 'எமர்ஜென்சி ஃபண்ட்' என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒட்டவில்லை. எமர்ஜென்சி வந்தாலும் வரும், வராமலும் போகும். தடைக்காலம் வந்தே தீரும், அதற்குத் தேதிகூட உண்டு.

அவனும் ஒன்றும் மகான் இல்லை. என் கல்யாணத்துக்கு வராமல் ஏதோ சப்பைக் காரணம் சொன்னான், ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தோம். என் நீலச் சட்டையைத் திருப்பித் தரவே இல்லை.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் போய்விட்டான். வயது 31. முழு ஊரடங்கு. நான் போகவில்லை, ஊருக்கும் கொண்டுபோகவில்லை. வீடியோ காலில் ஒரு நிமிடம் பார்த்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

நாலு வருடம் கழித்துத்தான் அவன் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். மே மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து ரயில் ஏறினேன். 1914-ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே சும்மா நின்றது. மகள் அதைக் காட்டி, "அதுல ஏன் போகல?" என்றாள். வயசாயிடுச்சு என்றேன்.

அவன் அம்மா இளைத்திருந்தார். அவன் இறந்த வருடம் ஜூன் வரை வீடு ஓடியது அவன் வைத்துவிட்டுப் போன காசில்தான் என்று, கேட்காமலே சொன்னார். அப்புறம் தட்டில் முட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மீன் ஆக்கிப் போட முடியலப்பா. தடைக்காலம். நாட்டுப்படகு மீன் இருக்கு, ஆனா வெல கேக்க முடியல. காசு இல்ல" என்றார். அதே குரல்.

கிளம்பும்போது நெத்திலிக் கருவாட்டைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பையும் போட்டு மகள் கையில் கொடுத்தார். என்ன சுற்றி என்ன? மண்டபம் வருவதற்குள் பெட்டியே மணத்துவிட்டது. எதிர் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.