ஏபி அமெரிக்க வரலாறு: கோடையில் எதைப் படிப்பது, எதை விடுவது

உங்கள் மகள் வரும் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பில் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) அமெரிக்க வரலாறு எடுக்கிறாள், பள்ளி திறப்பதற்குள் பாடநூலை ஒருமுறை முடித்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவ்வளவு பருமனான புத்தகத்தை ஜூன், ஜூலையில் விழுந்து விழுந்து படித்தால் நவம்பரில் நினைவில் நிற்பது சொற்பமாக இருக்கும். போதாக்குறைக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே பாடத்தின் மீது சலிப்பும் தட்டிவிடும். கோடையில் செய்ய வேண்டியது அளவில் சிறிய வேலைதான், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாறு படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பாடம் என்றாலே ஆண்டும் பெயரும் மனப்பாடமும்தான் நினைவுக்கு வரும். இந்தத் தேர்வை அந்தக் கண்ணோடு பார்க்காதீர்கள். மே மாதத்தில் மூன்றேகால் மணி நேரம் நடக்கும் இதில் முதல் பகுதி 55 கொள்குறி வினாக்கள், 55 நிமிடங்கள். ஒவ்வொரு வினாத் தொகுதிக்கும் மேலே ஒரு பழைய கடிதத்தின் பகுதியோ கேலிச்சித்திரமோ வரைபடமோ இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் விடை வரும். அடுத்து 40 நிமிடங்களில் மூன்று குறுவிடைகள். பிறகு ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாக வைத்து வாதிடச் சொல்லும் ஒரு கட்டுரை. அதற்கு ஒரு மணி நேரம், மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு. கடைசியாக 40 நிமிடங்களில் இன்னொரு கட்டுரை. 2025 முதல் எல்லாமே கணினியில்தான்.

ஆகவே, முன்பின் பார்த்திராத ஓர் எழுத்தைக் கையில் கொடுத்தால், இதை எழுதியவர் யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், என்ன நெருக்கடியில் எழுதினார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பிடித்துவிடும் பிள்ளைக்குத்தான் இந்தத் தேர்வில் கை ஓங்கும். அந்தப் பழக்கம் ஏப்ரலில் அவசர அவசரமாகப் படித்து வருவதன்று. பள்ளி நாட்களில் மற்ற பாடங்களும் கழுத்தை நெரிக்கும். நிதானமாகப் படிக்க வாய்க்கும் காலம் கோடை ஒன்றுதான்.

எதைப் படிக்கலாம்? ஒரே ஓர் ஆவணத்தில் தொடங்கி, அதைப் பிற்காலத்தவர் எப்படியெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று தொடர்ந்து போகச் சொல்வேன். 1776 ஜூலை 4இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலிருந்து தொடங்கட்டும். எல்லோரும் அறிந்த இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிடாமல், பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீதான குற்றச்சாட்டுகள் வரிசையாக வரும் நீண்ட பகுதியையும் படிக்க வேண்டும். பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பகுதி இருந்தது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மாமன்றம் அதை நீக்கிவிட்டது. நீக்கப்பட்ட அந்தப் பகுதியையும் தேடிப் படித்துவிட்டு, ஏன் நீக்கினார்கள் என்று அவளே ஒரு பத்தி எழுதட்டும்.

அடுத்து 1848, நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ். எலிசபெத் கேடி ஸ்டாண்டன் முன்னின்று எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனம் 1776இன் பிரகடனத்தை வாக்கியத்துக்கு வாக்கியம் பின்பற்றுகிறது. மன்னர் இருந்த இடத்தில் ஆண்கள் இருக்கிறார்கள். குற்றச்சாட்டுகளில் வாக்குரிமை மறுப்பும், மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லாததும் வருகின்றன. அதில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்களில் ஒருவர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். அவரே 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், அடிமைக்கு இந்தச் சுதந்திர தினம் என்ன என்று கேட்டு உரையாற்றினார். நீண்ட உரை, சுருக்கப்பட்ட வடிவம் போதும். முதலில் நாட்டை நிறுவியவர்களை மனமாரப் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சி எந்த இடத்தில் திரும்புகிறது என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். கேட்போரைத் தம் பக்கம் இழுத்த பிறகே அடிக்க வேண்டும் என்று தெரிந்த பேச்சாளர் அவர்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாகும். 1860 டிசம்பர் 24 அன்று தென் கரோலினா, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து ஏன் விலகினோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவும் 1776இன் பிரகடனத்தையே ஆதாரம் காட்டுகிறது! தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் திருப்பி அனுப்பவில்லை என்பது அதன் பெரிய புகார்களில் ஒன்று. உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்ததா, அடிமை முறைக்காக நடந்ததா என்று வகுப்பில் பேச்சு எழும்போது, இந்த அறிக்கையைப் படித்த பிள்ளை யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, ஆவணத்தையே காட்டிப் பேசலாம். இந்த வரிசையை 1963 ஆகஸ்ட் 28இல் முடிக்கலாம். அன்று லிங்கன் நினைவகத்தின் முன் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அதே பிரகடனத்தையும் அரசியல் சாசனத்தையும் கறுப்பின மக்களுக்கு இன்னும் பணம் தரப்படாத கடன்பத்திரம் என்றார்.

இவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம், யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தொகுப்பு ஆகிய மூன்று தளங்கள் போதும். வாரத்துக்கு ஓர் ஆவணம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு முறை படித்து, நோட்டில் அரைப் பக்கம் எழுதினால் போதும். சுருக்கம் சொல்லும் காணொளிகளைப் பார்க்கலாம், ஆனால் தானே படித்து முடித்த பிறகு.

வரலாற்றின் முதுகெலும்பாகச் சில ஆண்டுகளும் வேண்டும்தான். இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இந்தப் பாடத்தை 1491இலிருந்து இன்றுவரை ஒன்பது காலப்பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் மதிப்பெண் குறைவு. 1754க்கும் 1980க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கனம் இருக்கிறது. ஒரு நீளத் தாளைச் சுவரில் ஒட்டி, திருப்பங்களை மட்டும் குறித்துவரட்டும். ஓர் ஆண்டை எழுதினால் அதன் பக்கத்தில் ‘அதனால் என்ன ஆனது’ என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். 1763இல் பிரான்சுடன் நடந்த போர் முடிந்தது, பிரிட்டனுக்குக் கடன் மலையாகக் குவிந்தது, அதனால் 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரை வரி வந்தது. 1848இல் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்தது, அங்கே அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டை மூண்டு 1861இன் போர்வரை போனது. இப்படி இருபது வரிகள் இருந்தால் ஆகஸ்டுக்குப் போதும்.

ஒரு பகுதியை மட்டும் நீங்களும் மகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். அது குடியுரிமையின் கதை. அரசியல் சாசனத்தின் 1868ஆம் ஆண்டுப் பதினான்காம் திருத்தம், அமெரிக்காவில் பிறந்தால் குடியுரிமை உண்டு என்றது. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனா போய்த் திரும்பியபோது அதிகாரிகள் அவரை நாட்டுக்குள் விட மறுத்தார்கள். 1898இல் உச்ச நீதிமன்றம் அவர் குடிமகன்தான் என்று தீர்ப்பளித்தது. பிறந்தவர்கள் நிலை அது. குடியேறியவர்கள் நிலை வேறு; அன்றைய சட்டப்படி அவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெற முடியும். 1922 நவம்பரில் ஜப்பானியரான ஒசாவா, தம் தோல் வெண்மையானது, ஆகவே தமக்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதிட்டார். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்றது நீதிமன்றம். மூன்றே மாதங்களில், பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், அக்கால இனவியல்படி தாம் காக்கேசிய இனத்தவரே என்று வந்து நின்றார். அறிவியல் வகைப்பாடு செல்லாது, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரைக் கருதுகிறாரோ அதுதான் கணக்கு என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லண்ட். இந்த இரண்டிலிருந்தும் இரண்டு பத்திகளை அருகருகே வைத்துப் படித்தால், தேர்வு கேட்கும் ஒப்பீடு என்ன என்று உங்கள் மகளுக்கு விளங்கிவிடும். 1946இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்ற ஒதுக்கீட்டோடு. 1965இன் குடியேற்றச் சட்டம் வந்த பிறகே தமிழ்க் குடும்பங்கள் இங்கே பெருமளவில் வந்து சேர முடிந்தது. நீங்கள் எந்த விசாவில், எந்த ஆண்டில் வந்தீர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள். பாடத்தின் பிற்பகுதி தன் வீட்டுக் கதையும்தான் என்று தெரிந்துவிட்டால், படி படி என்று பின்னால் நிற்க வேண்டியிருக்காது.

ஜூலையில் ஊருக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாடநூலைப் பெட்டியில் வைக்காதீர்கள். மூன்று ஆவணங்களை அச்சிட்டுக் கொடுத்தால் போதும், விமானத்தில் ஒன்றை முடித்துவிடலாம். தாத்தா பாட்டியோடு இருக்கும் நாட்களில் படிப்பை நினைவூட்டவே வேண்டாம். திரும்பி வந்தபின் ஒரு வார இறுதியில் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப் போங்கள், உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. 1910 முதல் 1940 வரை ஆசியாவிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்து விசாரித்த குடியேற்ற நிலையம் அங்கே இருக்கிறது. அடைபட்டிருந்த சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகளை இன்றும் காணலாம். அவையும் மூல ஆவணங்களே.

கணினி அறிவியல் படிக்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் முதலாண்டு வரலாற்றுப் பாடத்துக்கு ஈடாக அதை ஏற்கின்றன. எந்தக் கல்லூரி எத்தனை மதிப்பெண் கேட்கிறது என்பதை அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய ஆதாயம் எழுத்து. சான்று காட்டி, எதிர்வாதத்தையும் மதித்து, தெளிவாக நான்கு பத்தி எழுதத் தெரிந்தவருக்கு எந்தத் தொழிலிலும் மதிப்பு உண்டு. எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இயற்பியல், வேதியியல், கால்குலஸ் மூன்றையும் ஏபியாகவே அதே ஆண்டில் எடுக்கிறாள் என்றால், அவற்றில் ஒன்றைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிவிடலாம். இந்தப் பாடத்துக்கு வாரந்தோறும் வாசிப்பு இருக்கும், தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பதில் பயனில்லை.

பள்ளி கொடுத்த கோடைப் பணியை ஆகஸ்டின் முதல் வாரத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும். ஜூனில் முடித்தால் வகுப்பில் கேட்கும்போது மறந்திருக்கும், கடைசி மூன்று நாட்களுக்கு ஒத்திப்போட்டால் வேறொருவர் எழுதிய சுருக்கத்தைத் தேடத் தோன்றும். அதற்கு முன் இந்த வாரமே பிரகடனத்தை அச்சிட்டு, ஒரு பென்சிலோடு அவள் மேசையில் வைத்துவிடுங்கள். முதல் அரைப் பக்கக் குறிப்பை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.