முதுகு வலி என்று போனால் காலில் ஏன் பஞ்சால் தடவிப் பார்க்கிறார்கள்?

இடுப்பு வலிக்குப் போன இடத்தில் இடுப்பைத் தொடாமல், காலில் பஞ்சால் தடவி, ஊசியால் குத்தி, 'தெரியுதா?' என்று கேட்டார்களே, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பஞ்சும் ஊசியுமாகப் பிழைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சொல்கிறேன்.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தின் முதல் நரம்பை விட்டுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். டெர்மடோம் என்பது அதுதான். அந்தப் பட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அக்கி வந்தவரின் விலாவைப் பாருங்கள். கொப்புளங்கள் முதுகில் தொடங்கி ஒரு பக்கமாகவே வளைந்து வந்து, நெஞ்சின் நடுக்கோட்டில் நின்றுவிடும். ஒளிந்திருந்த கிருமி ஒரே ஒரு நரம்பின் வேரில் விழித்துக்கொள்வதால் அப்படி. ஹென்றி ஹெட், கேம்பல் என்ற இரு மருத்துவர்கள் 1900-இல் இந்த அக்கிக் கொப்புளங்களை வைத்தே உடம்புக்கு வரைபடம் போட்டார்கள்.

இடுப்பில் ஜவ்வு விலகினால் பெரும்பாலும் அழுந்துவது எல்5 அல்லது எஸ்1 நரம்பின் வேர் (எல் என்றால் இடுப்புப் பகுதி, எஸ் என்றால் அதற்குக் கீழே; எண் அந்தப் பகுதியில் எத்தனையாவது நரம்பு என்பது). எல்5-இன் ஆட்சி பாதத்தின் மேல்புறம். எஸ்1-க்குக் குதிகாலும் சுண்டுவிரல் பக்கத்து ஓரமும். கோளாறு இடுப்பில், புகார் பாதத்தில். அதனால்தான் காலைப் பிடித்தார்கள். தொப்புள் டி10 (டி நெஞ்சுப் பகுதி), கை கட்டைவிரல் சி6 (சி கழுத்து), நடுவிரல் சி7 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும்.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த தப்பு ஒன்று. ஒரு பெரியவரின் காலெல்லாம் தடவி 'தெரியுதாய்யா?' என்று கேட்டேன். எல்லா இடத்திலும் 'தெரியுதுப்பா' என்றார். நார்மல் என்று எழுதிவிட்டேன். சீனியர் வந்து ஊக்கு முனையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, 'ரெண்டும் ஒண்ணா இருக்கா, வித்தியாசமா இருக்கா?' என்றார். 'இந்தப் பக்கம் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்மா' என்றார் பெரியவர். கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் ஒரு வேர் கெட்டாலும் முழுசாக மரத்துப்போகாது, மந்தமாகும், அவ்வளவுதான். தொடு உணர்வில் இந்த ஏறி நிற்றல் அதிகம். அதனால் பஞ்சு ஏமாற்றினாலும் ஊசி காட்டிக்கொடுக்கும். முதலில் கன்னத்தில் வைத்து 'இதுதான் நார்மல்' என்று காட்டுவோம். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, கூர் முனையையும் மழுங்கல் முனையையும் மாற்றி மாற்றி வைப்போம். ஒரே தாளத்தில் குத்தினால் தொடாதபோதும் 'ம்' என்பார்கள்! ஒருவருக்குக் குத்திய ஊசி அவரோடு சரி, இன்னொருவருக்குக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மோதிர விரல். சுண்டுவிரலோடு மோதிர விரலில் பாதி மட்டும் மரத்து, மறுபாதி நன்றாக இருந்தால் கழுத்தைச் சந்தேகிக்க மாட்டேன். முழங்கை வழியாகச் சுண்டுவிரல் பக்கம் போகும் அல்னார் நரம்பு முழங்கையில் அழுந்துகிறதா என்று பார்ப்பேன். விரலைச் சரிபாதியாக வகிர்வது கழுத்து வேரின் வழக்கமல்ல. சர்க்கரைக்காரர்களுக்கு வேறு கதை: இரண்டு பாதமும் காலுறை அளவுக்கு ஒரே மாதிரி மரக்கும், எந்தப் பட்டைக்கும் அடங்காது.

வீட்டில் பஞ்சை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதை வைத்து ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஆனால் இடுப்பு வலியோடு, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வருவது தெரியாமலோ அடைத்துக்கொண்டோ இருந்தால் என்னைப் போன்றவரிடம் வராதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புக் கற்றையே அழுந்துகிறது என்றால், மணிக்கணக்கில்தான் அவகாசம்.