பால் பல்லுக்கு வேர் சிகிச்சை அவசியமா? பெற்றோரின் கேள்விகளும் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்களும்

என் மகளுக்கு 5 வயது. கீழ்வரிசையில் கடைசிக் கடைவாய்ப் பல் சொத்தை. ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து அழுகிறாள். வேர் சிகிச்சை செய்து கேப் போடணும் என்கிறார் டாக்டர். ‘விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? பிடுங்கிப் போடு’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?
— தேனி வாசகி

முன்பல்லாக இருந்தால் மாமியார் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அது 6, 7 வயதில் விழுந்துவிடும். நீங்கள் சொல்லும் கடைவாய்ப் பல் 10 வயதுக்குமேல், சில பிள்ளைகளுக்கு 12 வயதில்தான் விழும். அதுவரை அவள் எதை வைத்து மெல்லுவாள்?

மெல்லுவது மட்டுமல்ல. 6 வயது வாக்கில் அந்தப் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் இருக்கும் பால் பல்லின் பின்சுவரை ஒட்டித்தான் அது தன் இடத்துக்கு வரும். அந்தச் சுவர் இல்லாவிட்டால் முன்பக்கமாகச் சரிந்து, காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிற்பாடு அங்கே வரவேண்டிய நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இன்று மிச்சப்படுத்தும் பணத்தைப்போலப் பல மடங்கை அன்று பல்லுக்குக் கம்பி கட்டச் செலவழிக்க நேரும்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. வேர் கரைந்திருந்தாலோ, வேர்களுக்கு நடுவே எலும்பு அதிகம் அரித்திருந்தாலோ, கேப் பிடித்து நிற்கும் அளவுக்குப் பல் மிஞ்சாவிட்டாலோ பிடுங்குவதே சரி. அப்போது ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ எனும் இடம் காக்கும் கம்பியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் மகளுக்கு ஆறு வயதுப் பல் இன்னும் வரவில்லை என்றால், அந்தக் கம்பியின் ஒரு முனை ஈறுக்குள் இறங்க வேண்டியிருக்கும். வைப்பதும் கஷ்டம், பராமரிப்பதும் கஷ்டம். அதனால்தான் இந்த வயதில் இந்தப் பல்லுக்காக நான் கடைசிவரை போராடுவேன்.

ஒரு டாக்டர் பல்போடமி என்கிறார், இன்னொருவர் பல்பெக்டமி என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
— திருப்பூர் வாசகர்

இல்லை. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மென்மையான சதை இருக்கிறது. கிருமி அதன் மேல்பகுதியை மட்டும் தொட்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேருக்குள் இருப்பதை உயிரோடு விடுவது பல்போடமி. வேர்வரை கெட்டுப்போயிருந்தால் முழுவதையும் எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது பல்பெக்டமி.

எது என்று முடிவு செய்ய எக்ஸ்ரேயும் வலியின் தன்மையும் உதவும். சாப்பிடும்போது மட்டும் சுருக்கென்று வலித்து உடனே நின்றால் வேர்ப்பகுதி பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். தானாகவே வலித்துத் தூக்கத்தைக் கலைத்தால் (தேனி வாசகியும் கவனிக்க) பெரும்பாலும் பல்பெக்டமிதான். உறுதியான பதில் சில சமயம் பல்லைத் திறந்த பிறகே கிடைக்கும். மேல்சதையை எடுத்துவிட்டு ஈரப்பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிப்போம். ரத்தம் நின்றால் வேர்ப்பகுதி நன்றாக இருக்கிறது. எம்டிஏ அல்லது பயோடென்டின் போன்ற மருந்தை அதன்மேல் வைத்து மூடிவிடலாம். கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், அல்லது ரத்தமே வராமல் உள்ளே காய்ந்து கிடந்தால், வேர்வரை போக வேண்டும். ஆகவே இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர் சொன்னதால் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு வேரை அடைக்கும் ரப்பர் போன்ற பொருளைப் பால் பல்லுக்கு வைப்பதில்லை. அடியில் நிரந்தரப் பல் மேலேறும்போது பால் பல்லின் வேர் கரையும்; அடைத்த மருந்தும் கூடவே கரைய வேண்டும். அதனால் கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்த பேஸ்ட் அல்லது துத்தநாக ஆக்சைடு கலவைதான் வழக்கம்.

ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்ததும் பையனுக்கு வலி நின்றுவிட்டது. ஈறில் சின்னக் கொப்புளம் மட்டும் வந்து வந்து போகிறது. இனி சிகிச்சை வேண்டாம்தானே?
— கும்பகோணம் வாசகி

வேண்டும், அம்மா. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் தாமதமாவது இந்த இடத்தில்தான். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். அந்தக் கொப்புளம், வேரடியில் சேரும் சீழ் வெளியேறும் வழி. சீழ் வடிந்துவிடுவதால் அழுத்தம் இல்லை, வலியும் இல்லை. கிருமி அங்கேயே இருக்கிறது. நீண்ட நாள் விட்டால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் பாதிக்கப்பட்டு, அது மஞ்சளோ பழுப்போ படிந்து குறையோடு முளைக்கலாம்.

ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் சிரப் போய்ச் சேராது. முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும்; அப்போதும் பல்லுக்குச் சிகிச்சை செய்துதான் ஆக வேண்டும். மீதம் வைத்த பழைய சிரப்பைத் திரும்பக் கொடுக்காதீர்கள். கண் மூடும் அளவுக்கு வீக்கம், தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டீல் கேப் பார்க்க நன்றாக இல்லை. வெள்ளையாக அடைத்தால் போதாதா?
— நாகர்கோவில் வாசகி

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லின் சுவர் மெலிந்திருக்கும். வெறும் அடைப்பு என்றால் பல் விண்டுபோகவோ, ஓரத்தில் கசிந்து மறுபடி கிருமி இறங்கவோ வாய்ப்பு அதிகம். ஸ்டீல் கேப் 1950-களிலிருந்து குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. பல் விழும்போது அதுவும் கூடவே விழும். வெள்ளைதான் வேண்டும் என்றால் சிர்கோனியா கேப் உண்டு. விலை கூடுதல், பல்லையும் அதிகம் இழைக்க வேண்டும். முன்பல்லுக்கு நானும் அதைச் சொல்வேன், கடைவாய்க்கு ஸ்டீலே போதும்.

ஊசி என்றாலே அலறுகிறான். மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாமா?
— மதுரை வாசகர்

செய்யலாம், ஆனால் அது முதல் வழியல்ல. முதலில் ஈறில் மரப்பு ஜெல் தடவி, மெதுவாக ஊசி போட்டாலே பெரும்பாலான பிள்ளைகள் ஒத்துழைப்பார்கள். வீட்டில் ‘ஊசி போட மாட்டாங்க’ என்று பொய் சொல்லியோ, ‘சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போடுவார்’ என்று மிரட்டியோ கூட்டி வராதீர்கள். பயம் தீராவிட்டால், மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உண்டு. பிள்ளை விழித்தபடியே அமைதியாக இருப்பான். மிகச் சிறிய குழந்தை, நிறையப் பற்கள் கெட்டிருக்கின்றன என்றால் மருத்துவமனையில் மயக்க மருத்துவரை வைத்து ஒரே தடவையில் முடிப்பது நல்லது.

ஊசிக்குப் பிறகு உதடு 2, 3 மணி நேரம் மரத்திருக்கும். புரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு போகும்வரை சாப்பிடக் கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.

ஒன்றரை வயதுப் பையன் பால் பாட்டிலோடுதான் தூங்குகிறான். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது.
— சேலம் வாசகி

சரியான நேரத்தில் கவனித்தீர்கள். அது சொத்தையின் முதல் அறிகுறி. குழி விழாதவரை திருப்ப முடியும். படுக்கைப் பாட்டிலை நிறுத்துங்கள், முடியாவிட்டால் அதில் தண்ணீர் மட்டும். காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட்டை ஓர் அரிசியளவு எடுத்து நீங்களே தேய்த்துவிடுங்கள் (மூன்று வயதுக்குமேல் பட்டாணியளவு). குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. 1000 பிபிஎம் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷும் பூசிக்கொள்ளலாம்.

7 வயது மகளுக்குக் கடைசிப் பல்லில் கறுப்புப் புள்ளி. விழுகிற பல்தானே என்று விட்டுவிட்டோம்.
— விழுப்புரம் வாசகி

கீழ்வரிசையில் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவதாக வரும் பல் என்றால் அது பால் பல் அல்ல, ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. புள்ளி அளவில் இருந்தால் ஒரு சின்ன அடைப்போடு முடியலாம். இந்த வாரமே காட்டுங்கள். செலவு தயக்கம் என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.