விலங்குத் தோலில் வாழும் ஈஸ்ட்: புது இனம் என்று எப்படிச் சொல்வது?

கீதா: ஈஸ்ட் என்றால் ரொட்டி மாவில் போடுவதுதானே அண்ணா? விலங்கின் உடம்பில் அதற்கு என்ன வேலை?

ரொட்டி ஈஸ்ட் பல ஈஸ்ட் இனங்களில் ஒன்றுதான் கீதா. மலசீசியா என்றொரு பேரினம் இருக்கிறது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாததால் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை நம்பியே வாழ்கிறது. நாய்க்குக் காதில் பழுப்பு அழுக்கும் நாற்றமும் வந்தால் பல சமயம் மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் பெருகியிருக்கும். ஆனால் 1925ல் அதை முதலில் விவரித்தது, தோல் உரிந்துகொண்டிருந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து எடுத்து!

கார்த்திக், கால்நடை மருத்துவ மாணவர்: சார், மைக்ராஸ்கோப்பிலேயே புதுசு என்று சொல்லிவிட முடியாதா?

முடியாது. பேரினத்தை ஊகிக்கலாம், இனத்தை டிஎன்ஏதான் சொல்லும். ரைபோசோம் மரபணுவில் டி1/டி2 என்று சுமார் 600 எழுத்து நீளப் பகுதி உண்டு, அதில் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அநேகமாக வேறு இனம் என்று ஈஸ்ட் ஆய்வாளர்கள் கர்ட்ஸ்மனும் ராப்னெட்டும் 1998ல் காட்டினார்கள். அது சந்தேகத்தைக் கிளப்பத்தான், தீர்ப்புக்கு இல்லை. ஐடிஎஸ் பகுதி (ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் உள்ள டிஎன்ஏ), இன்னும் சில மரபணுக்கள், முடிந்தால் வேறு வேறு விலங்குகளிலிருந்து எடுத்து வளர்த்த சில ஸ்ட்ரெயின்கள் (தனித்தனி வளர்ப்புகள்), இவ்வளவும் ஒரே பக்கம் கைகாட்டினால்தான் நான் நம்புவேன். ஒற்றை ஸ்ட்ரெயினை வைத்துப் புதுப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சலீம்: ஆட்டுக் காதிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுத்தேன், பூஞ்சை வளர்க்கும் சபுரோ அகரில் ஒன்றுமே வளரவில்லை.

எண்ணெய் சேர்க்காத சபுரோவில் நன்றாக வளர்வது பாக்கிடெர்மாட்டிஸ்தான் சலீம். மற்றதற்கெல்லாம் கொழுப்பு வேண்டும். கொழுப்புச் சேர்த்த மாற்றியமைத்த டிக்சன் அகர் அல்லது லீமிங்-நாட்மன் அகரில் போட்டு, 32 டிகிரியில் இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள். வெப்பநிலையையும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். குளிர்காலத்தில் உறங்கும் வட அமெரிக்க வௌவால்களிலிருந்து 2018ல் விவரித்த மலசீசியா வெஸ்பெர்டிலியோனிஸ் 7 டிகிரியில்கூட வளர்கிறது, உடல் சூட்டில் மட்டும் தேடியிருந்தால் இப்படிப்பட்டது சுலபமாக நழுவிவிடும்.

கீதா: இன்னும் புதுசு கிடைக்குமா?

நிச்சயமாக. மலசீசியாவிலேயே பூனை, மாட்டின் காதிலிருந்து நானா என்ற இனம் 2004ல் வந்தது, ஆட்டிலிருந்து காப்ரே, குதிரையிலிருந்து ஈக்வினா 2007ல், முயலிலிருந்து குனிகுலி 2011ல். மலசீசியாவைத் தாண்டி மற்ற ஈஸ்ட்களுக்கு வண்டுக் குடல் இன்னும் பெரிய புதையல்: 2005ல் வந்த ஒரு ஆய்வில் 650 ஈஸ்ட்கள், அவற்றில் குறைந்தது 200 அதுவரை பெயரே இல்லாத இனங்கள்.

கார்த்திக்: கிடைத்ததை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா சார்?

வேண்டாம், மலசீசியா 4 டிகிரியில் சீக்கிரம் செத்துவிடும். கிளிசரால் சேர்த்து மைனஸ் 80ல் வையுங்கள், அப்புறம் தாமதிக்காமல் ஒரு கல்ச்சர் சேமிப்பகத்துக்கும் (நுண்ணுயிர்களைப் பாதுகாத்து வைக்கும் நிலையம்) அனுப்பிவிடுங்கள்.