ஸ்பானிஷில் நாய் எப்படி ‘பெர்ரோ’ ஆனது? லத்தீன் ‘கானிஸ்’ எங்கே போனது?

இத்தாலியனில் ‘கானே’, பிரெஞ்சில் ‘ஷியன்’, போர்த்துகீசில் ‘காவ்’. எல்லாம் லத்தீன் ‘கானிஸ்’ வழி வந்தவை. அதே குடும்பத்தில் பிறந்த ஸ்பானிஷில் நாய் ‘பெர்ரோ’. இது மட்டும் ஏன் வேறு என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஸ்பெயின் அரச மொழிக் கழகத்தின் அகராதியே இதற்கு ‘மூலம் உறுதியில்லை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஸ்பானிஷிலும் முதலில் ‘கான்’ இருந்தது. இடைக்காலத்தில் அதுதான் மதிப்பான சொல். ‘பெர்ரோ’ சாமானியர் வாயில் புழங்கியது. அதில் கொஞ்சம் இழிவும் ஒட்டியிருந்தது. நாளடைவில் அதுவே பொதுச் சொல்லாகி, ‘கானை’ ஓரங்கட்டிவிட்டது.

சரி, அது எங்கிருந்து வந்தது? 1611-இல் வெளியான தன் அகராதியில் ஸ்பானிஷ் அறிஞர் கோவருபியாஸ், நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்றார். நாய் உஷ்ணப் பிராணியாம்! அந்தக் காலத்துப் பண்டிதர்களுக்கு எதையாவது கிரேக்கத்தோடு முடிச்சுப் போட்டால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. ரோமர்கள் வருவதற்கு முன் அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியின் மிச்சம் என்பாரும் உண்டு.

எனக்குப் பிடித்தது, 20ஆம் நூற்றாண்டின் சொற்பிறப்பியல் அறிஞர் ஜோன் கொரோமினஸ் சொன்னது. ஆடு மேய்ப்பவர்கள் நாயை ஏவ ‘ப்ர்ர்ர்’, ‘ப்ர்ர்ர்’ என்று குரல் கொடுப்பார்கள். அந்த ஒலியே பெயராகியிருக்கலாம் என்கிறார். அவரும் ‘இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு உருள வேண்டும். உருட்டாமல் ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்று அர்த்தமாகிவிடும்.

இது ஸ்பானிஷுக்கு மட்டும் நேர்ந்த விநோதம் அல்ல. பக்கத்து கத்தலான் மொழியில் நாய் ‘கோஸ்’. அதுவும் கானிஸ் வழி வந்ததல்ல. ஆங்கிலத்திலும் ‘ஹவுண்ட்’ என்ற பழைய பொதுச் சொல்லை, பூர்வீகம் தெரியாத ‘டாக்’ வந்து தள்ளிவிட்டது.

‘கான்’ அடியோடு போய்விடவில்லை. கடும் கோடையை ஸ்பானிஷில் ‘கனிகுலா’ என்பார்கள். லத்தீனில் அது ‘குட்டி நாய்’, பெருநாய் விண்மீன் கூட்டத்துச் சிரியஸ் விண்மீனின் பெயர். அது சூரியனோடு சேர்ந்து உதித்த காலம்தான் அந்தக் கோடை. கால்பந்து கோல்கீப்பரை ‘கான்செர்பெரோ’ என்பதும் உண்டு, கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயரால். கேனரி தீவுகளின் பெயரும் அங்கிருந்த பெரிய நாய்களால் வந்தது என்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கேனரி பறவை அந்தத் தீவின் பெயரைத்தான் வாங்கிக்கொண்டது.

அன்றாடப் பேச்சில் மட்டும் பெர்ரோ ராஜ்ஜியம்தான். யாராவது கதை விட்டால், “அந்த எலும்பை வேற நாய்க்குப் போடு” என்பார்கள். அங்கே ‘கான்’ போட்டால் சிரிப்பார்கள்.