தகரக் கூரைக்குக் கீழே மூன்று லட்ச ரூபா ஹெட்போன்: தவணையில் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா, அம்மா, தங்கச்சியோடு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறேன். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். வருட ஒப்பந்தம்தான். கைக்கு மாதம் 98,000 ரூபா வருகிறது. வீட்டுக்கு 40,000, தங்கச்சி படிப்புக்கு 15,000, என் கைச்செலவு 15,000, போனுக்கும் டேட்டாவுக்கும் 4,000, சீட்டுக்கு 10,000. சீட்டில் 12 பேர், என் முறை வர இன்னும் ஐந்து மாதம். வங்கியில் 180,000 இருக்கிறது. எனக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. எண்பதுகளின் சினிமாப் பாட்டு, ஹிப் ஹாப், நாதஸ்வரம் தவில், நம்ம ஊர்த் தப்பு மேளம் எல்லாம் கேட்பேன். பேஸ் (தாழ்ந்த, ஆழமான ஒலி) நன்றாக இறங்க வேண்டும். 240,000 ரூபாவுக்கு ஒரு ஓப்பன் பேக் பிளேனர் ஹெட்போன் பார்த்து வைத்திருக்கிறேன், அதற்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) 55,000. கடனட்டையில் 24 மாதத் தவணை, வட்டியில்லை, 9 வீதம் கட்டணம் மட்டும் என்கிறார்கள். விலை ஏறுவதற்குள் எடுத்துவிடலாமா? இல்லை சேமிப்பில் இருந்து வாங்குவதா? (நான் கண்ணாடி போடுகிறவன். அது பேஸைப் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா?)

பதில்: தம்பி, இந்தத் தவணை வேண்டாம். சேமிப்பிலும் கை வைக்காதீர்கள். ஆனால் ஹெட்போன் வாங்குங்கள். ஐந்து மாதம் பொறுத்து, சீட்டுக் காசில், 75,000 ரூபாவுக்குள் வாங்குங்கள்.

நம் வீடுகளில் காசு என்றால் அரிசி, மருந்து, படிப்பு, ஒரு கல்யாணம். அதற்கு மேல் ஒருவன் ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்கினால் ஊரே பேசும். நான் அப்படிப் பேச மாட்டேன். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து ஒரு குடும்பத்தைத் தாங்குகிற பிள்ளை நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. எவ்வளவுக்கு, எந்தக் காசில், எந்த ஹெட்போன் என்பதைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் போக மாதம் 14,000 மிஞ்சுகிறது. ஹெட்போனும் ஆம்பும் சேர்ந்து 295,000. அதற்கு 9 வீதக் கட்டணம் 26,550. மொத்தம் 321,550 ரூபாவை 24 ஆல் பிரித்தால் மாதம் 13,400 வரும். கையில் நிற்பது 600 ரூபா. வட்டியில்லை என்று சொன்னாலும் அந்தக் கட்டணமே வட்டிதான், வருடத்துக்குச் சுமார் 8.4 வீதம். உண்மையைச் சொன்னால் கடனட்டைக்கு அது மோசமான வீதமே இல்லை. எனக்குப் பயம் வேறு இடத்தில். உங்கள் ஒப்பந்தம் 12 மாதம், கடன் 24 மாதம். அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் மீதித் தவணையை எதைக் கொண்டு கட்டுவீர்கள்? கட்டத் தவறினால் அந்தக் கடன் சாதாரணக் கடனட்டை வட்டிக்குப் போய்விடும். அது 8.4 வீதத்தை விட மிக அதிகம்.

இந்தப் பயம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா தீபாவளி அட்வான்ஸை எடுத்து இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு கேசட் ரேடியோ வாங்கினார். லயமே எங்கள் வாசலில் வந்து நின்று பாட்டுக் கேட்டது. அந்த வருடம் மழை விடவில்லை, பேர் (ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவு) குறைந்தது, பல நாள் அரைப் பேர்தான் விழுந்தது. சம்பளம் குறைந்தாலும் அட்வான்ஸ் பிடிப்பு மட்டும் குறையவில்லை. மாசி மாதம் அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். ரேடியோ நல்ல ரேடியோ. அதை வாங்கிய காசுதான் இன்னும் சம்பாதிக்காத காசாக இருந்தது.

சேமிப்பை ஏன் தொட வேண்டாம் என்கிறேன்? நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் மாதாமாதம் சேர்கிறது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஒப்பந்தத்தில் வேலை செய்கிற உங்களுக்கு அப்படி எதுவும் சேர்வதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அந்த 180,000தான் உங்கள் முழுப் பாதுகாப்பு. சீட்டை விட்டுப் பார்த்தால் உங்கள் மாதச் செலவு 74,000, மூன்று மாதத்துக்கு 222,000 வேண்டும். இப்போதே 42,000 குறைகிறது. மலையில் மழைக்காலம் எப்படி வருகிறது, மண் எப்படிச் சரிகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மாதத்தில் சீட்டு 120,000 விழும். அதில் 42,000 நேராக வங்கிக்கு, மிச்சம் 78,000. மூவாயிரத்தைக் கொழும்புக்குப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போனுக்கு 75,000. சீட்டு எடுத்த பிறகும் மிச்ச மாதங்களுக்கு 10,000 கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அது ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது. இந்த ஐந்து மாதத்தில் மிஞ்சும் 14,000 சேர்ந்தால் 70,000 ஆகும். அதையும் ஹெட்போனுக்குத் தள்ளாதீர்கள். தங்கச்சி பல்கலைக்கழகம் போகும் நாள் சொல்லிக்கொண்டு வராது.

விலை ஏறிவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. 2022ல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனதைப் பார்த்தவர்கள் நாம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம் ஆனதையும் பார்த்தோம். ஆனால் நல்ல ஹெட்போன் கைபேசி மாதிரி வருடாவருடம் பழசாவதில்லை. சென்ஹைசர் எச்.டி. 600 வந்தது 1997ல், சோனி எம்.டி.ஆர். 7506 வந்தது 1991ல். இரண்டுக்கும் இன்றும் ஆள் இருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் உங்களை விட்டு எதுவும் ஓடிப்போகாது.

சரி, இனி ஒலி. பிளேனர் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். காந்தங்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம் முழுவதுமாக அசைவதால், நல்ல பிளேனரில் பேஸ் 30 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண் அளவு, எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்) பக்கம் வரை வலுக் குறையாமல் இறங்கும். சாதாரண ஓப்பன் பேக் ஹெட்போன்களில் பல அதற்கு முன்பே மெலிந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்தது தரமான பொருளாகவே இருக்கலாம். ஆனால் அதை எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? ஓப்பன் பேக் என்றால் காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும். உங்கள் பாட்டு அடுத்த காம்பராவுக்கு (லயத்து வீட்டு அறை) கேட்கும், அடுத்த காம்பராவின் டிவி உங்களுக்குக் கேட்கும். வைகாசிக்குப் பிறகு தகரத்தில் மழை விழத் தொடங்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கடைசி ஆழத்து பேஸ் மழைச் சத்தத்தில் கரைந்துவிடும். அமைதியான தனி அறை உள்ளவருக்குச் செய்த ஹெட்போன் அது. லயத்துக்கு வெளிப்பக்கம் மூடிய க்ளோஸ்ட் பேக்தான் சரி.

மழையை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுவோம், அதுதான் எனக்கு இன்னொரு கவலை. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபல் (சத்தத்தின் அளவு) சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். மழைக்காக 9 டெசிபல் கூட்டினால் வாரம் ஐந்து மணி நேரம்தான் மிச்சம். வேலை நேரம் முழுக்கப் போட்டிருப்பவருக்கு அது ஒரு நாளைக்குக்கூடக் காணாது.

பேஸ் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே பல விஷயம் இருக்கிறது. ஹிப் ஹாப்பில் நெஞ்சை அழுத்துகிற அந்த இழுவை 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடக்கிறது. எண்பதுகளின் பாட்டில் ஓடுகிற பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்கினாலும், அதன் நடையை நாம் பிடிப்பது அதற்கு மேலே 80, 100, 200 என்று போகும் இடத்தில். அங்கே தெளிவு இல்லாமல் ஊதிப்போன ஹெட்போன் என்றால் கிட்டாரும் பாடகர் குரலும் ஒட்டிக்கொண்டு களிமண் மாதிரி ஆகிவிடும். தவிலில் தொப்பிப் பக்கத்துக்கு பேஸ் வேண்டும், வலந்தலைப் பக்கத்துக்குக் கூர்மை வேண்டும். நாதஸ்வரமோ ஏற்கெனவே கூர்மையான கருவி, உச்ச ஒலி தூக்கலான ஹெட்போனில் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். தப்புக்கு முக்கியம் அடியின் முனை. அடி விழுந்து உடனே நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஆக, உங்கள் பட்டியலுக்கு ‘பேஸ் அதிகம்’ என்று பெட்டியில் அச்சடித்த ஹெட்போன் பொருந்தாது. ஆழம் இருக்க வேண்டும், நடுவில் வீக்கம் இருக்கக் கூடாது.

இதற்கு விலை உத்தரவாதம் தருவதில்லை. 2017ல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள். எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வருகிறது என்ற அந்தச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. கட்டுமானமும் நுணுக்கமும் விலையோடு மேம்படலாம். உங்களுக்குப் பிடித்த பேஸ் விலையோடு வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கண்ணாடி பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, பலர் அதைக் கேட்பதே இல்லை. மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் ஆழ்ந்த பேஸ் நிற்கும். கண்ணாடிக் கம்பி ஒரு சின்னச் சந்து விட்டாலும் முதலில் போவது அதுதான், பிளேனரும் இதற்கு விலக்கு இல்லை. மெல்லிய சட்டக் கண்ணாடியும் மென்மையான தடித்த மெத்தையும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீங்கள் காதில் போட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு: பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ, ஓடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ். இரண்டும் க்ளோஸ்ட் பேக், ஸ்டூடியோக்களில் பல வருடம் உழைத்தவை. டி.டி. 770ல் 32, 80, 250 ஓம் (மின்தடையின் அளவு) என்று வகைகள் உண்டு. 250 எடுத்தால் ஆம்பும் வாங்க வேண்டி வரும், மற்ற இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். அதன் பேஸ் நன்றாக இறங்கும், உச்ச ஒலி கொஞ்சம் கூர், நாதஸ்வரத்தை வைத்துச் சோதியுங்கள். எம்50எக்ஸின் வயரைக் கழற்றி மாற்றலாம். டி.டி. 770ன் வயர் கழறாது, அறுந்தால் ஈயம் வைத்து ஒட்ட ஒருவரைத் தேட வேண்டும். எனக்கு எது என்று கேட்டால் டி.டி. 770 என்பேன், காரணம் அதன் 80 ஓம் வகையின் துணி மெத்தை. நம் குளிருக்கும் ஈரத்துக்கும் செயற்கைத் தோல் மெத்தை சீக்கிரம் உரிந்து கருப்புத் தூளாகக் கொட்டும்.

கேட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் போனிலேயே ஐந்து பாட்டை இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணாடியோடு போட்டு, வீட்டில் கேட்கும் அளவில் இருபது நிமிடம் கேளுங்கள். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாறும். அப்புறம், வாரண்டி இலங்கை முகவருடையதா, கடைக்காரர் எழுதித் தருவதா என்று பில்லில் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து வரும் மாமாவிடம் சொல்லிவிட்டால் விலை குறையலாம், பழுதானால் திருப்பி அனுப்ப வழியிருக்காது.

வாங்கிய பிறகும் பேஸ் போதவில்லை என்றால் இன்னொரு ஹெட்போன் தேட வேண்டாம். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசரில் (ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் செயலி) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் தூக்குங்கள், மொத்த அளவை அதே 4 குறையுங்கள், இல்லாவிட்டால் ஒலி கிழியும். ஹிப் ஹாப்புக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பாகச் சேமித்து வைக்கலாம்.

வருடத்துக்கு 5,000 ரூபா மெத்தைக்கும் வயருக்கும் என்று ஒதுக்கி வையுங்கள். இரவில் கழற்றியதும் சுவரில் தொங்கவிடாமல், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆடி மழையில் லயத்துச் சுவர் எப்படி வியர்க்கும் என்று உங்களுக்கே தெரியும்.